இன்சாஸுக்குப் பின்: தரைப்படைக்கு இரண்டு ரைபிள், இரண்டு தோட்டா தேவைதானா?

கல்லணை:
1990களின் பிற்பகுதியிலிருந்து இந்தியத் தரைப்படையின் அடிப்படைத் துப்பாக்கியாக இருந்துவந்த 5.56 மி.மீ. இன்சாஸ் விலக்கப்பட்டு, அதன் இடத்துக்கு இரண்டு ரைபிள்கள் வருகின்றன. ஒன்று, 2019 பிப்ரவரியில் 72,400, 2024 ஆகஸ்டில் மேலும் 73,000 என அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் வாங்க ஒப்பந்தமான சிக் 716. இது 7.62×51 தோட்டாவைச் சுடுவது (முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.இல்; குண்டும் உறையும் சேர்ந்ததே தோட்டா). மற்றது, அமேதி மாவட்டத்தின் கோர்வாவில் ரஷ்யக் கூட்டு முயற்சியில் தயாராகும் ஏகே-203. 2021 டிசம்பர் ஒப்பந்தப்படி இதில் 6,01,427 துப்பாக்கிகள் வரவேண்டும். இதன் தோட்டா 7.62×39. இரண்டிலும் 7.62 என்ற எண் இருப்பதால் பலர் ஒரே தோட்டா என்று எண்ணுகிறார்கள். உறையின் நீளமும் வடிவமும் வேறு என்பதால் ஒன்றின் தோட்டாவை மற்றதில் பயன்படுத்த முடியாது.

இந்த மாற்றம் தவறான காரணத்துக்காகச் செய்யப்பட்டது என்பது என் கருத்து. கார்கில் குளிரில் விரிசல் விட்டதாகச் சொல்லப்பட்ட பிளாஸ்டிக் மேகசின் (தோட்டாப் பெட்டி), இடையில் சிக்கிக்கொள்ளும் இயக்கம், சுடுபவரின் கண்ணில் தெறித்த எண்ணெய் ஆகியவை அனைத்தும் துப்பாக்கியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகள். அவற்றுக்காக 5.56 தோட்டாவையே கைவிட்டது சரியான தீர்வு ஆகாது.

மலைக்கோட்டை:
நண்பர் கல்லணை சொல்வதை, காலாட்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. காஷ்மீரில் ஊடுருவல்காரர்களோடு நடக்கும் மோதல்களில் பெரும்பாலானவை வீட்டுச் சுவருக்கும் மரத்துக்கும் இடையே, நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் நடப்பவை. சுமார் 4 கிராம் எடையுள்ள 5.56 குண்டைவிட, ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள 7.62×39 குண்டு கதவையும் அடர்ந்த புதரையும் தாண்டி நம்பகமாகச் செல்லும். காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்கொள்ளும் ராஷ்டிரிய ரைபிள்ஸ் பிரிவுகளில் இன்சாஸ் அடிப்படைத் துப்பாக்கியாக இருந்த காலத்திலும் வீரர்கள் ஏகே-47ஐயே விரும்பிக் கையில் எடுத்தார்கள். மாவோயிஸ்ட் பகுதிகளில் இருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் அதையே கேட்டது.

5.56க்கு ஆதரவாக அந்நாளில் சொல்லப்பட்ட வாதம், அது எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தினாலே போதும், ஒரு வீரன் காயமடைந்தால் அவனைத் தூக்கிச் செல்ல இன்னும் இருவர் களத்தைவிட்டு விலகுவார்கள் என்பது. சாகத் துணிந்து வருபவனை யாரும் தூக்கிச் செல்வதில்லை. அவன் கடைசி மூச்சு வரை சுட்டுக்கொண்டே இருப்பான். அந்த வாதம் நம் களத்துக்குப் பொருந்தவே இல்லை.

கல்லணை:
ஐயா, உங்கள் களஅனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கனமான குண்டு ஆளை உடனே வீழ்த்தும் என்ற முடிவை மறுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980களில் உடல் தசைக்குப் பதிலாகப் பயன்படும் ஜெலட்டின் கட்டிகளில் செய்த சோதனைகளில், எஃகு உட்கரு கொண்ட வழக்கமான 7.62×39 குண்டு 25 செ.மீ.க்கும் மேல் நேராகச் சென்ற பிறகே புரளத் தொடங்கியது. குண்டு புரளும்போதுதான் காயம் பெரிதாகிறது. அதாவது, மனித உடலைப் பல நேரங்களில் அது புரளாமலேயே துளைத்து வெளியேறிவிடும். 5.56 குண்டோ, வேகம் குறையாத தூரத்தில், அதில் பாதி ஆழத்திலேயே புரண்டு உடைகிறது. தடுப்பைத் துளைக்கும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, உடலில் நிகழ்வது வேறு.

இன்னொன்று. 7.62×39 தோட்டாவை உருவாக்கிய சோவியத் ராணுவமே 1974இல் ஏகே-74 துப்பாக்கியோடு 5.45×39க்கு மாறியது. 300 மீட்டரைத் தாண்டியதும் பழைய குண்டு வேகமாகத் தாழ்வதும், சுடும்போது தோளில் விழும் உதை தொடர் சுடுதலைச் சிதறடிப்பதும் அதற்கான முக்கியக் காரணங்கள். அவர்கள் விட்டு அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் நாம் ஆறு லட்சம் துப்பாக்கிகளுக்கு அதே தோட்டாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

தணிகை:
நீங்கள் இருவரும் குண்டு பாய்ந்த பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். அது வீரரின் கைக்கு வந்துசேர்வதைப் பற்றியும் பேச வேண்டும். உறையோடு சேர்த்து ஒரு 5.56 தோட்டா ஏறத்தாழ 12 கிராம், 7.62×39 ஏறத்தாழ 16 கிராம், 7.62×51 ஏறத்தாழ 24 கிராம். ஒரே எடையைச் சுமக்கும் வீரரிடம் 5.56 இருந்த இடத்தில் 7.62×51 பாதி எண்ணிக்கைதான் இருக்கும். சிக் 716இன் மேகசினும் 20 தோட்டாக்களே கொள்ளும். அமெரிக்கத் தரைப்படை தன் புதிய 6.8 மி.மீ. எம்7 ரைபிளுக்கு மாறும்போது வீரர் சுமக்கும் அடிப்படை அளவு 210இலிருந்து 140 தோட்டாவாகக் குறைவதை அங்கும் கடுமையாக விமர்சிக்கிறார்கள்.

சிக் 716க்கு ஆதரவாக ஒரு காரணத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2020இல் இஸ்ரேலிடம் 16,479 நெகேவ் இலகு இயந்திரத் துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தமானது, அவையும் 7.62×51 சுடுபவை. ஒரு பிரிவில் ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துகொள்வது பெரிய வசதி. ஏகே-203 ஏந்தும் பிரிவுக்கு அந்த வசதி கிடையாது. இவற்றோடு 4.25 லட்சம் கார்பைன்களை (குட்டைக் குழல் துப்பாக்கிகளை) 5.56இலேயே வாங்க முடிவெடுத்திருப்பதால், விநியோகக் கிடங்கில் மூன்று வகைத் தோட்டா நிற்கும்.

மலைக்கோட்டை:
தணிகை அவர்கள் சொல்லும் மூன்று வகை என்பது கிடங்கின் கணக்கு. ஒரு வீரர் தன் பையில் மூன்றையும் சுமப்பதில்லை. ஒரு மலைமுகட்டிலிருந்து எதிர்முகட்டுக்குச் சுட வேண்டிய எல்லைக்கோட்டுப் பட்டாலியனுக்கு 500 மீட்டரிலும் வலுவோடு போய்ச்சேரும் 7.62×51 தேவை, உள்நாட்டில் தேடுதல் நடத்தும் பிரிவுக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்று பிடிவாதம் பிடித்ததன் விளைவையும் பார்த்துவிட்டோம். குழலை மாற்றி 5.56, 7.62×39 இரண்டையும் சுடக்கூடிய ரைபிள் வேண்டும் என்று 2011இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி நான்கு ஆண்டுகள் இழுபட்டு 2015இல் ரத்தானது. அத்தனை ஆண்டுகளும் முன்னணி வீரர்கள் பழைய துப்பாக்கியோடுதான் நின்றார்கள்.

நம்பிக்கை என்பதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2005இல் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 43 பேரை இழந்த நேபாள ராணுவம், நெடுநேரச் சண்டையில் தன்னிடமிருந்த இன்சாஸ் கைகொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே குறை கூறியது. கையிலுள்ள ஆயுதத்தை நம்பாத வீரரிடம் தோட்டாவின் இயற்பியலை விளக்கிப் பயனில்லை.

கல்லணை:
காலிகோட் எடுத்துக்காட்டு என் வாதத்துக்கே துணைசெய்கிறது, ஐயா. அங்கே குறைகூறப்பட்டது துப்பாக்கி, தோட்டா அல்ல. அதே 5.56ஐ நம்பகமான துப்பாக்கியில் உலகின் பல படைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. நம் சிறப்புப் படைகளிடமுள்ள இஸ்ரேலிய டவோர் ரைபிள் சுடுவதும் அதைத்தான்.

ஆனாலும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால், இனி கேட்க வேண்டியது தோட்டாவின் தரத்தைத்தான். ஏகே-203 பழைய எஃகு உட்கருக் குண்டையே சுடுமானால், புதிய துப்பாக்கியிலும் நான் மேலே சொன்ன குறை தொடரும். முன்னதாகப் புரளும்படி வடிவமைத்த 7.62×39 குண்டுகளை யூகோஸ்லாவியா முன்பே தயாரித்துக் காட்டியது. ஏகே வகையில் டிஏஆர் (திருச்சி அசால்ட் ரைபிள்) என்ற ரைபிளை உருவாக்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலையின் அனுபவமும் நம்மிடம் இருக்கிறது. கோர்வாவில் எத்தனை துப்பாக்கிகள் தயாராயின என்று அறிவிப்பதைப் போலவே, அவற்றுக்கான தோட்டா எங்கே, எந்த வடிவமைப்பில் தயாராகிறது என்பதையும் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

மலைக்கோட்டை:
தோட்டாவின் வடிவமைப்பு பற்றிய கோரிக்கையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். துப்பாக்கித் தேர்வில் என் நிலைப்பாடு மாறவில்லை.