அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், கிடாரிப்பட்டி: ஊர்கள் சேர்ந்து ஒரு நடைபாதை போட முடியுமா?

மேலூர்ப்பக்கம்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம் 2025 ஜனவரி 23 அன்று ரத்தானதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமையானால் மதுரை மாவட்டம் மேலூரை ஒட்டிய எங்கள் பக்கம் கார், வேன் வரத்து கூடிவிட்டது. பருந்து பார்க்க ஒரு கூட்டம், பாறையில் வெட்டிய பழந்தமிழ்ப் பிராமி எழுத்து பார்க்க ஒரு கூட்டம், ரீல்ஸ் எடுக்க ஒரு கூட்டம். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் ஒரு வேன் கும்பல் சுனையில் ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டுப் போயிருக்கிறது, ஆடு குடிக்கிற தண்ணீர் அது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் யோசித்தது இதுதான். அரிட்டாபட்டி குடைவரைக் கோயிலில் ஆரம்பித்து, மீனாட்சிபுரம் ஓவாமலைக் கல்வெட்டு, அப்புறம் மாங்குளம் வழியாகக் கிடாரிப்பட்டிக் குகைத்தளம் (அழகர்மலையில் சமணத் துறவிகள் தங்கிய குகை) வரை ஒரே நடைபாதை. ஆடு மேய்க்கிறவர்கள் போகிற ஒத்தையடிப் பாதை பாதி தூரத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் வழிகாட்ட ஆள் தரவேண்டும், வருகிற காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதற்கு யாரைப் பிடிப்பது? முன்னாலேயே இப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கண்மாய்க்கரை
தம்பி, நல்ல யோசனை. ஆனால் பாதை முழுக்க ஒரே சட்டத்தின் கீழ் வராது, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது அரிய உயிரினங்கள் வாழும் பாதுகாக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்த 193.215 ஹெக்டேர் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் மட்டும்தான் இருக்கிறது. அந்த இரண்டு ஊருக்குள் பேசுவது சுலபம், பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டப்படியே உண்டு, அதைக் கூட்டினால் போதும். அதைத் தாண்டினால் பட்டா நிலம், புறம்போக்கு, கண்மாய்க்கரை எல்லாம் மாறி மாறி வரும். அழகர்மலைப் பக்கம் போய்விட்டால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு அம்புக்குறிகூடப் போடக்கூடாது. கல்வெட்டு இருக்கிற இடத்தில் தொல்லியல் ஆட்களும் வருவார்கள். மூன்று இலாகா, நான்கு ஊர்!

அதனால் ஒவ்வொரு ஊர்க் கிராம சபையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். ஒரே வாசகம் முக்கியம். நாங்கள் எங்கள் பக்கம் கண்மாய் தூர்வார மூன்று ஊர் சேர்ந்தபோது ஆளுக்கொரு மாதிரி எழுதிக் கொடுத்து, ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று மனு எட்டு மாதம் மேசையிலேயே கிடந்தது.

ஊர்க்காரி
நான் மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பங்கு போடுகிறோம் என்கிறீர்களே, அதற்கு முன் எங்கே போகக்கூடாது என்று எழுதுங்கள். சாமி கும்பிடுகிற இடத்தில் செருப்போடு ஏறக்கூடாது, சுனையில் கை கால் கழுவக்கூடாது, சாராயப் பாட்டில் தெரிந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடவேண்டும். இதெல்லாம் எங்களுக்குள் சொல்லாமலே நடக்கிற கட்டுப்பாடு, வெளியாள் வரும்போது பலகையில் எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 2010 வாக்கில் மதுரைக்குப் பக்கத்து யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள், சுற்றுலா வரும் என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். ஊர் எதிர்த்து நின்றதால் மலை பிழைத்தது. அந்தப் பயம் இங்கே இன்னும் போகவில்லை, சிமெண்ட் படி, கம்பி வேலி, செல்ஃபி பாயிண்ட் என்று யாராவது ஆரம்பித்தால் நானே முதல் ஆளாக வந்து நிற்பேன். வழிகாட்ட ஆள் எடுத்தால் பொம்பளைகளையும் எடுங்கள். எந்தப் பாறையில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று விறகுக்கும் ஆட்டுக்கும் நடந்த எங்களுக்குத்தான் தெரியும்.

நடைப்பித்தன்
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பாறைகளில் ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு எல்லாம் கூடு வைக்கின்றன. கூட்டுக்கு நேர் மேலே ஆள் நடமாட்டம் இருந்தால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டை வெயிலில் வெந்துவிடும். கூடு வைக்கிற மாதங்களில் மலை உச்சியை மூடிவிட்டு அடிவாரப் பாதையை மட்டும் திறந்து வைக்க முடியுமா என்று பறவை ஆட்களிடம் கேளுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கூட்டாகச் செய்வதற்கு முன்மாதிரி கேட்டீர்களே, உங்கள் ஓவாமலையிலேயே இருக்கிறது. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் கல்வெட்டில் வருகிற அதே மலையில், வெள்ளறை என்கிற ஊரின் வணிகர் குழு சேர்ந்து சமணத் துறவிகளுக்குக் கொடை கொடுத்ததாகத் தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். அரிட்டாபட்டியில் உள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்துக்குக் கீழே வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்துமுறை) ஒரு கல்வெட்டு இருக்கிறதல்லவா, அச்சணந்தி என்கிற சமணத் துறவி செய்வித்த திருமேனி, பாதிரிக்குடியார் ரட்சை என்று முடியும். அதாவது அதைப் பாதுகாக்கிற பொறுப்பு பாதிரிக்குடி ஊராருடையது. நான் நடை கூட்டிப் போகும்போது அந்த இடத்தில் மட்டும் கால் மணி நேரம் நிற்பேன், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

மேலூர்ப்பக்கம்
எல்லோருக்கும் நன்றி. கண்மாய்க்கரை அண்ணே, தீர்மான வாசகத்தை நீங்களே ஒரு வரைவு போட்டுத் தருவீர்களா? கூட்டம் சேர்ப்பது பிரச்சினை இல்லை, டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கமிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்த ஜனம் இது. காசு கணக்குதான் உதைக்கிறது, எந்த ஊர்ப் பெயரில் கணக்கு ஆரம்பித்தாலும் மற்ற மூன்று ஊரும் முறைக்கும். அக்கா, சுனைப் பலகைக்கு வாசகம் நீங்கள் சொன்னபடியே வைத்துக்கொள்கிறோம். ஷாம்பூவை மட்டும் தனியாகச் சேர்க்கிறேன்.

ஊர்க்காரி
சீயக்காயையும் சேர்த்து எழுது. போன வாரம் ஒருத்தி அதோடு வந்து இயற்கைதானே என்கிறாள்.