புதுப்பிப்பு: மழைக்கு அப்புறம் தெட்ஃபோர்டு காட்டில்

பெரிய மேடே இல்லாத இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் மவுண்டன் பைக் ஓட்ட என்ன இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். தெட்ஃபோர்டு காட்டுக்குப் போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய் வந்துவிட்டேன்.

காட்டின் பார்வையாளர் மையமான ஹை லாட்ஜிலிருந்து, கடினமான சிவப்புத் தடமான லைம் பர்னரில் போனேன். முந்தைய நாள் முழுக்க மழை, ஆனாலும் சேறு குறைவுதான். மணல் மண் தண்ணீரை அப்படியே குடித்துவிடுகிறது. முதல் உலகப்போருக்குப் பின் மரத் தட்டுப்பாட்டுக்காக 1922 முதல் நட்ட பைன் காடு இது. மரங்களுக்கு நடுவே பாதை வளைந்துகொண்டே போகிறது, ஹேண்டில்பார் மரப்பட்டையை உரசாத குறைதான். நீண்ட இறக்கம் கிடையாது என்பதால் காலுக்கு ஓய்வே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை!

பின் டயரின் பக்கவாட்டில் ஒரு அங்குலக் கிழிசல். குத்தியது கண்ணாடி போல் பளபளத்த கறுப்புச் சிக்கிமுக்கிக் கல். பக்கத்திலேயே கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற பழங்காலச் சுரங்கத்தில் கற்கால மனிதர்கள் குழி தோண்டி எடுத்ததும் இதே கல்லைத்தான். டயரைக் குத்திய கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். போகிறவர்கள் தடித்த பக்கச்சுவர் உள்ள டயர் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மகளோடு எளிதான பச்சைத் தடம்.