பரந்தூருக்கு மெட்ரோ மட்டும் போதுமா?

கேள்வி: வில்லிவாக்கம்வாசி

சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மாற்றாக அல்லாமல் கூடுதலாக, பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அந்த இடம் நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ வழித்தடத்தைப் பரந்தூர் வரை மேலும் சுமார் 53 கி.மீ. அளவுக்கு நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. விமானப் பயணிக்கு அது உதவுமா என்பதே என் ஐயம்.

குரோம்பேட்டைப் பயணி

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரையுள்ள 32 கி.மீ. தூரத்தைக் கடக்க மெட்ரோவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. அதே வேகத்தில், நிலையத்துக்கு நிலையம் நின்று கொண்டே கலங்கரை விளக்கத்திலிருந்து பரந்தூர் சென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டெல்லியில் 2011-இல் தொடங்கிய விமான நிலைய விரைவுத் தடம் சில நிலையங்களில் மட்டும் நிற்பதால், புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து மூன்றாவது முனையத்தை இருபது நிமிட அளவில் எட்டிவிடுகிறது. பூந்தமல்லிக்கு அப்பாலாவது விரைவு வண்டிகள் முந்திச் செல்ல வசதியுள்ள தடம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அதைச் சேர்ப்பது மிகக் கடினம்.

ஊரப்பாக்கத்தார்

வேகத்தைவிட, எது முன்னால் வருகிறது என்பதே எனக்குக் கவலை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அதற்கென ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும், குழந்தைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் வந்தவர்கள் மாநகரப் பேருந்தையே நம்ப வேண்டியிருந்தது. மீனம்பாக்கத்துக்குத் திரிசூலம் நிலையம் எதிரிலேயே வாய்த்திருந்தும், ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து பெட்டிகளை இழுத்துச் செல்வது முதியோருக்குப் பெரும்பாடு; முனையங்களை ஒட்டிய மெட்ரோ நிலையம் 2016 செப்டம்பரில்தான் வந்தது. அந்த மெட்ரோவும் இரவு 11 மணியோடு நின்றுவிடுவதால், நள்ளிரவுக்குப் பின் வந்து புறப்படும் வளைகுடா விமானங்களில் வந்திறங்குவோரையும் ஏறுவோரையும் வாடகைக் கார்களிடமே விட்டுவிடுகிறது. பரந்தூரில் இரவு வண்டிகளுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

காஞ்சிபுரத்தான்

செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதை காஞ்சிபுரம் வழியாகத்தான் செல்கிறது. ஒற்றைப் பாதை என்றாலும் புறநகர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அதை இரட்டிப்பாக்கி விமான நிலையத்துக்கு ஒரு கிளை பிரித்தால், எங்கள் பகுதியிலிருந்து அங்கே வேலைக்குச் செல்வோருக்கு மெட்ரோவைவிடப் பயன்படும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏகனாபுரம் மக்கள் நிலம் எடுப்பை எதிர்த்து 2022 முதல் போராடி வருகிறார்கள். ரயில் தடம் எந்தெந்த வயல்கள் வழியாகப் போகும் என்பதை இப்போதே வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், விமான நிலையத்துக்காக ஒருமுறையும் தண்டவாளத்துக்காக மறுமுறையும் அதே குடும்பங்கள் நிலத்தை இழக்க நேரிடும்.

வில்லிவாக்கம்வாசி

நிலம் இருமுறை பறிபோகலாம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இந்தத் தடத்தின் வரைபடம் கிராம சபைகளில் காட்டப்பட்டிருக்கிறதா? பரந்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.