படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு மெய்நிகர் கருவியில் தோட்டத்தைக் காட்டலாமா?

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட், மலேசியா):
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் முற்றிவிட்டதால், இனி வலியைத் தணிக்கும் பராமரிப்பு மட்டுமே என்று கூறி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இளம் வயதிலேயே உளி பிடித்து ரப்பர்ப் பால் வெட்டப் போனவர், பிறந்த தோட்டத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார்; ஆனால் காரில் உட்கார அவரால் முடியாது. தம்பியிடம் மெட்டா குவெஸ்ட் 2 என்ற, தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி இருப்பதால், தோட்டத்தை 360 பாகைக் கேமராவில் பதிவு செய்து காட்டலாம் என்கிறான். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள், கித்தா (ரப்பர்) மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). மாரியம்மன் கோயிலும் அதன் அரசமரமும்தான் மிச்சம். இதைக் காட்டினால் ஆறுதலாக இருக்குமா, வேதனையைக் கூட்டுமா? தலைச்சுற்றலும் வாந்தியும் வருமோ என்றும் அஞ்சுகிறேன்.

ஈப்போ தாதி:
சகோதரி, உங்கள் தம்பியின் யோசனை நல்லதுதான். ஜப்பானில் இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் 20 பேருக்கு, அவர்கள் போக விரும்பிய இடங்களைக் கூகுள் எர்த் வழியாக இத்தகைய மெய்நிகர் கருவியில் காட்டிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. வலி, சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை பார்த்த பிறகு குறைந்ததாக நோயாளிகளே மதிப்பிட்டார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் அதைப் பெரிதாக நம்பிவிடக் கூடாது; வலிமருந்தான மார்ஃபின் கொடுக்கும் வேளையை இதற்காகத் தள்ளிப்போடவே கூடாது. கல்லீரல் பாதிப்பு முற்றும்போது சிலருக்கு மனம் குழம்பும். அம்மா ஆள் அடையாளம் தெரியாமல் பேசும் நாளிலும், குமட்டல் இருக்கும் நாளிலும், வலிப்பு வந்த வரலாறு இருந்தாலும் வேண்டாம். முதலில் உங்களைப் பார்க்க வரும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேமராக்காரன்:
வாந்திக்குக் காரணம், கண் நகர்வதாகச் சொல்லும்போது உட்காது நகரவில்லை என்று சொல்வதுதான். ஆகவே கேமராவைக் கையில் பிடித்து நடக்காதீர்கள். முக்காலியில், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், அசையாமல் வைத்துப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். கருவி அரைக் கிலோ எடை உள்ளது. தலையணையில் சாய்ந்திருப்பவருக்குப் பின்பட்டை உறுத்தும், ஆக்சிஜன் குழாய் இருந்தால் அதையும் அழுத்தும். பட்டையை மாட்டாமல் தம்பி கையால் முகத்தருகே தாங்கிப் பிடித்தால், அம்மா வேண்டாம் என்றதும் எடுத்துவிடலாம். அவர் பார்க்கும் காட்சியைக் கைப்பேசியிலும் வரச் செய்தால் நீங்கள் கூடவே பேச முடியும்.

செம்பனைக்காட்டான்:
ஆறுதலா, வேதனையா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் அப்பாவிடம் லயம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் காட்டினோம். அவர் அழுதார், ஆனால் கருவியை எடுக்க விடவில்லை. வெறும் செம்பனை வரிசையைப் பார்த்தபடியே, இங்கே பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), அங்கே ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கிணற்றடிக்கு எதிர்வீட்டில் கங்காணி என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நாங்கள் கேள்விப்பட்டிராத பெயர்களெல்லாம் அன்று வந்தன. அழுகை வந்தாலே தீங்கு என்று நான் நினைக்கவில்லை. எதுவும் சொல்லாமல் திடீரென்று காட்டுவதுதான் தவறு. எதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடமே கேளுங்கள், சகோதரி.

தோட்டத்து மகள்:
கேட்டேன். லயம் இல்லாத தோட்டம் வேண்டாம், கோயிலை மட்டும் மாலை பூசை நேரத்தில் மணியோசையோடு காட்டு என்றார். வெள்ளிக்கிழமை பதிவு செய்யப் போகிறோம், பூசாரியும் சம்மதித்துவிட்டார். கருவியைச் சுத்தம் செய்வது எப்படி?

ஈப்போ தாதி:
முகத்தில் படும் பகுதியைக் கிருமிநாசினித் துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். வில்லைகளில் மட்டும் எந்தத் திரவமும் படக் கூடாது. மூக்குக் கண்ணாடி துடைக்கும் உலர்ந்த மென்துணியே போதும்.