புதுப்பிப்பு: பார்க் லைட்டும் எங்க கவுன்சிலர் அக்காவும்

போன மாசம் எழுதியிருந்தேன்ல, எங்க வார்டு பார்க்ல நடைபாதை லைட் நாலு எரியல, விடியகாலைல பொம்பளைங்க நடக்கவே பயப்படுறாங்கன்னு, அதுக்கு அப்டேட். சென்னை மாநகராட்சி ஹெல்ப்லைன் 1913க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்குங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, வாங்கினேன், அந்த நம்பரோட கவுன்சிலர் அக்காவை பார்க்லயே பிடிச்சேன், ஏன்னா அவங்க தினமும் அஞ்சரைக்கு சுடிதார், கேன்வாஸ் ஷூவோட அங்க எட்டு ரவுண்டு வருவாங்க. நிக்கவே இல்ல, நடந்துகிட்டே கேட்டாங்க, மூணாவது ரவுண்டுலயே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. நாலு நாள்ல மூணு லைட் வந்துருச்சு! இன்னொண்ணுக்கு மண்ணுக்குள்ள கேபிள் அறுந்திருக்காம், தோண்டணும்.

2022 பிப்ரவரி தேர்தலுக்கு வீடு வீடா வந்தப்பவும் இதே நடைதான், மூணு மாடி ஏறி வந்து அம்மா கையைப் பிடிச்சுகிட்டு பேசினாங்க. சென்னைல இருக்கற 200 வார்டுல பாதியை பெண்களுக்குன்னு ஒதுக்கினதாலதான் இவங்க மாதிரி ஆளுங்க வர முடிஞ்சுதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

இப்போ ஞாயித்துக்கிழமை காலைல யோகாவும் ஆரம்பிச்சிருக்காங்க, முழங்கால் வலியோட அம்மாவும் போறாங்க, சேர்ல உக்காந்தே செய்றாங்க. நாலாவது லைட் எரிஞ்சதும் போட்டோ போடுறேன்.