கடலோர கேஸ் டர்பைனின் பிளேடுகளுக்கு எந்த வெப்பத் தடுப்புப் பூச்சு?

கேள்வி (மாணவர், தண்டையார்பேட்டை):
வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக டர்பைன் பிளேடுகளின் பீங்கான் பூச்சுகளைப் பற்றிப் படித்து வருகிறேன். எடையில் 7 முதல் 8 விழுக்காடு யட்ரியா (யட்ரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியாவே (சிர்கோனியம் ஆக்சைடு) இன்று பரவலாகப் பூசப்படுகிறது. 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் இருந்தால் அதன் படிக அமைப்பு குலைந்து, ஆறும்போது பருமன் கூடி விரிசல் விடுகிறது. கடோலினியம் சிர்கோனேட் என்ற மற்றொரு பீங்கான் அந்த வெப்பத்தையும் தாங்குகிறது, வெப்பத்தைக் குறைவாகவும் கடத்துகிறது. சென்னையின் பேசின் பிரிட்ஜ் போலக் கடலை ஒட்டிய இடங்களில், பழையதை விட்டுவிட்டு இதை மட்டுமே பூசினால் போதுமா?

பதில் (பொருளறிவியல் ஆசிரியர், வியாசர்பாடி):
தனியாகப் பூசக் கூடாது. பிளேடின் நிக்கல் கலப்புலோகத்துக்கும் பீங்கானுக்கும் நடுவே உள்ள உலோகப் பிணைப்புப் பூச்சின் மேல், இயங்கும்போதே சில மைக்ரான் தடிமனில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) படலம் வளர்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரைதான் பூச்சுக்கு ஆயுள். கடோலினியம் சிர்கோனேட் அதனுடன் வினைபுரிந்து அதைக் கெடுத்துவிடும். விரிசல் பரவுவதைத் தடுக்கும் வலிமையும் அதற்குக் குறைவு. ஆகவே அடியில் யட்ரியா சிர்கோனியா, மேலே கடோலினியம் சிர்கோனேட் என்று இரண்டு அடுக்காகப் பூசுங்கள். காற்றோடு டர்பைனுக்குள் புகுந்து உருகும் தூசி மேலடுக்குடன் வினைபுரிந்து அங்கேயே இறுகுவதால், மேற்கொண்டு கீழே இறங்காது.

பதில் (டர்பைன் பராமரிப்புப் பொறியாளர், மணலி):
ஆசிரியர் ஐயா சொல்வது சரி. ஆனால் நம் பக்கத்தில் வெப்பத்தைவிட உப்பே பெரிய பகை என்பது என் உறுதியான கருத்து. கடற்காற்றின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகின்றன. அது 884 டிகிரியில் உருகி, பூச்சின் நுண்துளைகள் வழியே பிணைப்புப் பூச்சை எட்டி அரிக்கிறது. கழற்றிய பிளேடு ஒன்றில் விளிம்புப் பூச்சு கொப்புளம்போல் எழும்பியிருந்தது; நகத்தால் நெம்பியதும் சில்லாகப் பெயர்ந்தது, அடியில் பச்சை படிந்த உலோகம் தெரிந்தது. மேலடுக்கு எவ்வளவு சிறந்ததானாலும், குரோமியம் மிகுந்த பிணைப்புப் பூச்சும் ஒழுங்கான காற்று வடிகட்டியும் இல்லாமல் அது நிலைக்காது, தம்பி.

மாணவர்:
மிக்க நன்றி, ஐயா. கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் சோதிக்க இயலுமா?

பொறியாளர்:
இயலும். பூசிய மாதிரிகளில் ஒரு பாதிக்கு மட்டும் சோடியம் சல்பேட் கரைசலைத் தெளித்து உலர்த்தி, எல்லாவற்றையும் 900 டிகிரி உலையில் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு முறை ஆறிய பின்பும் எடை பாருங்கள். பிறகு குறுக்காக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராயுங்கள். வெட்டும்போதும் மெருகேற்றும்போதும் தண்ணீர் படவே கூடாது, எண்ணெயைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்துபோய், அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்ற தடயமே கிடைக்காது.