டெய்லர் நோட்டில் 34, டாக்டர் டேப்பில் 98

காரைக்குடி, ஹார்டுவேர் கடை, வயது 48:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் கதையைப் போடுங்கள். நான் குண்டு கிடையாது. கை கால் குச்சி, முகம் ஒட்டியிருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும், அதையும் தொளதொள சட்டைக்குள் மறைத்துவிடுவேன். பேன்ட் இடுப்பு இருபது வருஷமாக 34 இன்ச் தான். டெய்லரே பழைய நோட்டைப் புரட்டி, "பாருங்கண்ணே, நீங்க மாறவே இல்லை" என்று காட்டுவார். எனக்கும் அதில் ஒரு கர்வம்.

போன ஆடியில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற எண், 24.2 என்று நர்ஸ் சீட்டில் எழுதினார். சுவரில் தொங்கிய அட்டையில் 18.5 முதல் 24.9 வரை பச்சை. சரி, நாம் பச்சையில் இருக்கிறோம் என்று எழுந்துவிட்டேன். டாக்டரம்மா, சின்னப் பிள்ளைதான், "உட்காருங்க சார், அந்த அட்டை பொதுவா எல்லா நாட்டுக்கும் போட்டது, நம்ம உடம்புக்கு 23லேயே கூடுதல் எடை, 25 தொட்டா பருமன்" என்றார். அதே எடையில் வெள்ளைக்காரரைவிட நமக்குக் கொழுப்பு அதிகமாம், தசை குறைவாம், அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள்ளே போய் உட்காருவதால் சர்க்கரை சீக்கிரம் வந்துவிடுகிறதாம்.

அப்புறம் சட்டையைத் தூக்கச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விடச் சொன்னார். நான் வயிற்றை எக்கினேன். "எக்காதீங்க சார்." 98 செ.மீ. ஆம்பளைக்கு 90க்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை, பேன்ட் 34தானே என்றேன். "பேன்ட்டை எங்கே போடுறீங்க?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். வயிறு வளர வளர பேன்ட் அதற்குக் கீழே கீழே இறங்கிப் போயிருக்கிறது, அதனால்தான் 34 மாறவே இல்லை. டெய்லரைக் குறை சொல்லி என்ன, அவர் நான் காட்டிய இடத்தில் அளந்தார்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 112. இன்னும் நோய் இல்லை, எல்லையில் நிற்கிறது என்றார்கள்.

நான் கோழிக் குழம்பை விட வேண்டியிருக்கும் என்று பயந்து போனேன், ஆனால் வில்லன் அது இல்லை. கடையில் உட்கார்ந்தபடி ஒரு நாள் டீயை எண்ணிப் பார்த்தேன், ஏழு கிளாஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. சாயங்காலம் வெள்ளைப் பணியாரம் ஆறு, மிளகாய்த் துவையலோடு. பச்சரிசி மாவு, எண்ணெயில் போட்டு எடுத்தது, அதற்கு மேல் ராத்திரி சாப்பாடு வேறு. டீயை இரண்டாக்கினேன், பணியாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் காயைக் கூட்டினேன், விடியற்காலை கொப்புடையம்மன் கோயில் வரை போய்த் திரும்புகிறேன். ஏழு மாதத்தில் 62.8 கிலோ, வயிறு 91. 90க்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர், அது அசைய மாட்டேன் என்கிறது.

ஒரு சந்தேகம். முகாமுக்கு முன்பு செல்போனில் போட்டபோது இதே 66 கிலோவுக்கு 23.5 வந்தது. எது சரி?

தேவகோட்டை, வயது 61:

தம்பி, இளைத்துவிட்டீர்கள், இனிமேல்தான் இருக்கிறது உங்களுக்கு. நான் நாலு கிலோ குறைத்துவிட்டு ஒரு சாந்திக்கு, அதான் அறுபதாம் கல்யாணத்துக்கு, போனேன், பந்தியில் உட்காருவதற்குள் ஒன்பது பேர் "சுகரா ஆச்சி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு வைத்தியர் பேரே சொன்னாள். நம் பக்கம் சதை போட்டால் வசதி, இளைத்தால் வியாதி. கந்தரப்பம் வேண்டாம் என்றால் வைக்கிறவருக்கு முகம் சுண்டிப் போகிறது, அதனால் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பாதி தின்றுவிடுவேன்.

ஆனால் குறைச்சலையும் பேசுங்கள். என் பேத்தி 158 செ.மீ., 44 கிலோ, கல்லூரியில் எல்லாரும் "சூப்பர் ஃபிகர்" என்கிறார்களாம், காலையில் பட்டினி கிடந்துதான் போவாள். கணக்குப் போட்டால் 17.6, அதாவது 18.5க்கும் கீழே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 9.2, ரத்தசோகை. இப்போது காலையில் கவுனி அரிசிக் கஞ்சியும் முட்டையும் என் கண் முன்னால் சாப்பிட்டால்தான் பஸ் காசு.

கானாடுகாத்தான், உடற்கல்வி ஆசிரியர்:

அண்ணே, உயரத்தை 5.5 என்று போட்டீர்களா? 5 அடி 5 அங்குலம் வேறு, 5.5 அடி வேறு. 5.5 அடி என்றால் ஐந்தரை அடி, 167.6 செ.மீ. ஆகிவிடும். கிலோவை மீட்டரால் இரண்டு முறை வகுப்பதுதான் கணக்கு, அதனால் உயரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தப்பினாலே விடை நன்றாக நகரும். முகாமில் எழுதிய 24.2 தான் சரி. செ.மீ.யிலேயே போடுங்கள்.

எதிர்ப் பக்கமும் ஒன்று. ஆத்தங்குடிக் கல் பதிக்கிற தம்பி ஒருவர், 170 செ.மீ., 80 கிலோ, பிஎம்ஐ 27.7, டாக்டரம்மா சொன்ன நம்ம கணக்குப்படி பருமன். இடுப்பு 84, வயிற்றில் கிள்ளினால் சதை வராது, அவ்வளவும் தசை. பிஎம்ஐக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்கத் தெரியாது. புனே டாக்டர் யாஜ்னிக், பிரிட்டன் டாக்டர் யுட்கின் இருவரும் தங்களையே அளந்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனால் நம்மவர் உடலில் கொழுப்பு 21.2 சதவீதம், அவருக்கு 9.1. உங்கள் குச்சிக் கையும் வயிறும் அதே கேஸ்தான் அண்ணே. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அட்டையை வைத்துப் பார்க்காதீர்கள், அது பெரியவர்களுக்கானது.

காரைக்குடி, ஹார்டுவேர் கடை:

5.5 தான் போட்டேன் சார். கடையில் நாள் பூரா இன்ச் டேப் விற்கிறவன் நான், வெளியே சொல்லிவிடாதீர்கள். ஆச்சி, அடுத்த வாரம் எனக்கும் ஒரு கல்யாணம் இருக்கிறது, பழைய பேன்ட் நிற்கவில்லை, டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை தொப்புளுக்கு நேராக அளக்கச் சொன்னேன், அவர் டேப்பைப் பார்த்துவிட்டு நோட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.